சேலத்து மாமரத்துக்குத் தகப்பன் யார்?

சித்திரை பிறந்துவிட்டால் சேலம் கடைவீதியில் மாம்பழக் கூடைகளுக்கு நடுவே மூன்று சொற்கள் ஓயாமல் அடிபடும்: நாட்டு ரகம், ஒட்டு ரகம், ஹைபிரிட். குண்டு மாம்பழம் நாட்டு ரகமாம். இமாம்பசந்த் ஒட்டு ரகமாம். நார் இல்லாமல், கன்னம் சிவந்து, புதிதாக எது வந்தாலும் ஹைபிரிட்டாம். இன்னும் சிலர் குரலைத் தாழ்த்தி, “மரபணு மாற்றியது” என்றும் சொல்லிவைப்பார்கள். இவை ஒரே சங்கதிக்கு வைத்த வெவ்வேறு பெயர்கள் என்பது போலத்தான் பேச்சு போகும். போதாக்குறைக்கு, “டிஎன்ஏ பார்த்துவிட்டார்களாம், இந்த மரத்துக்கு அப்பன் மல்கோவாதானாம்” என்ற வகைத் தகவலும் இப்போது காதில் விழுகிறது.

ஒரு பழமரத்தின் தாய் தந்தையை டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஆனால் பலர் நினைக்கிற மாதிரி அல்ல. அந்தச் சோதனையின் முதல் வேலை தகப்பனைக் காட்டுவதல்ல, யார் யார் தகப்பன் இல்லை என்று சொல்வது. தாவரவியல் படிக்காதவர்களுக்காக அதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒட்டு வேறு, கலப்பு வேறு

ஒட்டுக் கட்டுவது என்றால், கொட்டையிலிருந்து முளைத்த ஒரு வேர்ச்செடியின் தலையை வெட்டிவிட்டு, அதன்மேல் மல்கோவா மரத்தின் குச்சியை வைத்துக் கட்டுவது. இரண்டும் ஒட்டிக்கொண்டு வளரும். ஆனால் இரண்டின் மரபும் கலக்காது. கட்டுக்கு மேலே இருப்பது முழு மல்கோவா, கீழே இருப்பது முழுக்க அந்தக் கொட்டைச்செடி. வேர்ச்செடியால் மரத்தின் உயரம், வீரியம், வறட்சி தாங்கும் திறன் மாறலாம். மல்கோவாவின் பரம்பரை மாறாது. இன்றைக்கு நிற்கிற மல்கோவா ஒட்டுமரங்கள் எல்லாம், எப்போதோ எங்கோ நின்ற ஒரே மரத்தின் கிளைகள்தான். நாட்டு ரகம் என்று சொல்லப்படும் குண்டும் நாற்றங்காலிலிருந்து ஒட்டுக்கன்றாகத்தான் வருகிறது. ஆக, ஒட்டு என்பது ரகத்தின் பெயரல்ல, செடியைப் பெருக்கும் முறை.

கலப்பு என்பது பூவில் நடக்கிற காரியம். நீலம் மரத்துப் பூவில் வேறொரு ரகத்தின் மகரந்தம் விழுந்து காய் பிடித்தால், அந்தக் காயின் விதைக்குள் இருக்கும் கரு கலப்பினம். மாம்பூவில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை ஈக்கள். அவற்றிடம் யாரும் கணக்கு கேட்டதில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலப்பு நடந்திருப்பது விதைக்குள் மட்டும். பழத்தின் சதையும் தோலும் தாய்மரத்தின் உடம்பு. “பக்கத்துத் தோட்டத்தில் பெங்களூரா வைத்துவிட்டார்கள், அதனால் என் இமாம்பசந்த் ருசி கெட்டுவிட்டது” என்று புலம்புகிறவர்கள் தண்ணீரையும் உரத்தையும் வெயிலையும் ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

மரபணு மாற்றம் மூன்றாவது சங்கதி. ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட ஒரு மரபணுவைச் செடிக்குள் செலுத்துவது அது. இந்தியாவில் மரபணு மாற்றிய மாம்பழம் எதுவும் விற்பனையில் இல்லை. கடைவீதிப் பேச்சிலிருந்து இதை முற்றாக நீக்கிவிடலாம்.

ஆள் வைத்து மகரந்தம் தடவி, பதிவேட்டில் எழுதி உருவாக்கிய கலப்பினங்களும் உண்டு. தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நம் நீலத்தையும் வடக்கத்தி தசேரியையும் சேர்த்து மல்லிகா, ஆம்ரபாலி ஆகிய இரண்டையும் உருவாக்கியது. பெங்களூருவில் உள்ள தோட்டக்கலை நிறுவனத்தின் அர்க்கா அருணா, பங்கனப்பள்ளிக்கும் அல்போன்சாவுக்கும் பிறந்தது. இவற்றுக்குத் தாய் தந்தை யார் என்பதில் சந்தேகமே இல்லை. மல்கோவா, இமாம்பசந்த், சேலம் குண்டு, நடுசாலை போன்ற பழைய ரகங்களுக்கு அப்படி எந்த ஏடும் கிடையாது. தானாக முளைத்த மரத்தின் பழம் யாருக்கோ பிடித்துப்போயிருக்கும், குச்சி எடுத்து ஒட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த மரங்களின் பெற்றோரைத் தேடத்தான் டிஎன்ஏ தேவைப்படுகிறது.

சுருக்கமாக: ஒட்டு என்பது ஒரே மரத்தை நகலெடுப்பது. கலப்பு என்பது இரண்டு மரங்களுக்கு ஒரு புதுக் குழந்தை பிறப்பது. நகலெடுத்த மரமும் ஒரு காலத்தில் யாருக்கோ கலப்பாகப் பிறந்ததாக இருக்கலாம்.

முகஜாடை ஏன் போதாது

மூக்கு வளைந்திருந்தால் பெங்களூராவின் பிள்ளை, உருண்டையாக இருந்தால் மல்கோவாவின் பிள்ளை என்று ஜாடை பார்த்துச் சொல்பவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். மல்லிகாவையும் ஆம்ரபாலியையும் அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெற்றோர் அதே இருவர். தாயும் தந்தையும் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள். ஆனாலும் ஆம்ரபாலி குட்டை மரம், சிறிய பழம், அடர்ந்த ஆரஞ்சு நிறச் சதை. மல்லிகாவின் பழம் அதைவிட நன்றாகவே பெரியது. வடிவமும் நிறமும் பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை. மண்ணும் மழையும் அதில் கை வைக்கும். சாட்சியாக நிறுத்த வேண்டுமென்றால், மண்ணாலும் மழையாலும் மாறாத ஏதாவது ஒன்று வேண்டும்.

கொலுசில் எத்தனை முத்து?

அந்தச் சாட்சி மரத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கிறது. டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் ஆன மிக நீண்ட சரம். அந்தச் சரம் குரோமோசோம்கள் என்ற துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. மாமரத்துக்கு அவை 40, அதாவது 20 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது.

இந்தச் சரத்தின் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திக்கித் திக்கிப் பேசுவது போல வரும்: ஜிஏ ஜிஏ ஜிஏ ஜிஏ. இதற்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். ஒரு மரத்தில் ஜிஏ 12 முறை வரும், இன்னொன்றில் அதே இடத்தில் 17 முறை வரும். பெரும்பாலும் இதனால் பழத்தின் ருசிக்கோ நிறத்துக்கோ லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. எண்ணிக்கை வேறுபடுகிறது, அது பிள்ளைகளுக்கு அப்படியே போய்ச் சேர்கிறது. நமக்கு வேண்டியது அவ்வளவுதான். இப்படி மரத்துக்கு மரம் வேறுபடுகிற, பரம்பரையாக இறங்குகிற, ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடக்கூடிய இடத்தைத்தான் மரபணுக் குறிப்பான் என்கிறோம். குறிப்பான் ஓர் அடையாளம் மட்டுமே. “இனிப்புக்கான குறிப்பான்” என்று யாராவது பொதுவாகச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சேலம் என்றால் வெள்ளிக் கொலுசு. எனவே இப்படி வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மரத்திடமும், ஒவ்வொரு குறிப்பான் இடத்துக்கும், ஒரு ஜோடிக் கொலுசு இருக்கிறது. கொலுசில் கோத்திருக்கும் முத்துகளின் எண்ணிக்கைதான் ஜிஏ திரும்ப வரும் எண்ணிக்கை. எந்தப் பட்டறைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் இந்த ஜோடியின் இரண்டு கொலுசிலும் முத்து எண்ணிக்கை வேறாக இருக்கலாம்: ஒன்றில் 12, மற்றதில் 14. பிள்ளை பிறக்கும்போது தாய் தன் ஜோடியில் ஏதாவது ஒரு கொலுசைக் கொடுக்கிறாள். தகப்பனும் தன் ஜோடியில் ஒன்றைக் கொடுக்கிறான். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பிள்ளையின் ஜோடி.

விதி ஒன்றே ஒன்று: பிள்ளையின் ஒரு கொலுசு தாயிடம் இருந்தாக வேண்டும், மற்றொன்று தகப்பனிடம் இருந்தாக வேண்டும்.

விலக்கிக்கொண்டே போவது

விதியை ஓட்டிப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு தோப்பில், நீலம் பழத்தின் கொட்டையிலிருந்து முளைத்த ஒரு மரம் அருமையாகக் காய்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் நீலம் என்பது தெரியும். மகரந்தம் கொடுத்திருக்கக்கூடியவை தோப்பிலேயே நிற்கும் பெங்களூரா, செந்தூரா, இமாம்பசந்த்.

முதல் குறிப்பான் இடத்தில் பிள்ளை மரத்துக்கு 12, 17. நீலத்துக்கு 12, 14. எனவே 12 தாய் வீட்டுச் சீர். 17 தகப்பன் வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். பெங்களூராவுக்கு 13, 15. அதனிடம் 17 இல்லை, ஆகவே அது விலகியது. செந்தூராவுக்கு 15, 17, அது நிற்கலாம். இமாம்பசந்துக்கு 17, 17, அதுவும் நிற்கலாம். இங்கேயே நிறுத்திவிட்டு, இரண்டு கொலுசும் 17 என்பதால் இமாம்பசந்த்தான் அப்பன் என்று அடித்துச் சொல்ல ஆசை வரும். பொறுங்கள். இரண்டாவது இடத்தில் பிள்ளைக்கு 8, 11. நீலத்துக்கு 8, 8. தகப்பன் 11 கொடுத்திருக்க வேண்டும். இமாம்பசந்துக்கு 8, 10, ஆகவே அதுவும் விலகியது. செந்தூராவுக்கு 9, 11. அது மட்டும் மிச்சம்.

செந்தூராதான் தகப்பன் என்று இப்போது நிரூபணமாகிவிட்டதா? இல்லை. அது இன்னும் விலக்கப்படவில்லை, அவ்வளவுதான். 17ம் 11ம் வைத்திருக்கிற வேறு மரம் அடுத்த ஊர்த் தோப்பில் நிற்கலாம். அதனால்தான் இரண்டு இடத்தோடு விடுவதில்லை. சம்பந்தமே இல்லாத ஒரு மரம் ஓர் இடத்தில் தற்செயலாகப் பொருந்திப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஒன்றையொன்று சாராத பத்து இடங்களிலும் அது தற்செயலாகப் பொருந்த 1,024-ல் ஒரு வாய்ப்பு. இருபது இடங்களில் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. இருபது இடங்களிலும் செந்தூரா நின்றுகாட்டினால் நம்பலாம். செந்தூராவின் கூடப்பிறந்த மரம் ஒன்று அங்கேயே இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு ஆட்டம் காணும். உடன்பிறப்புகளிடம் ஒரே கொலுசுகள் நிறைய இருக்கும் அல்லவா?

மறுபக்கமும் உண்டு. அபூர்வமாக, ஒரு தலைமுறையில் முத்து ஒன்று கூடியோ குறைந்தோ போய்விடும். கருவி தப்பாகவும் படிக்கும். ஆகவே ஒரே ஓர் இடத்தில் பொருந்தாததை வைத்து யாரையும் துரத்துவதில்லை. பல இடங்களில் பொருந்தாவிட்டால்தான் முடிவு கட்டுவார்கள்.

சுருக்கமாக: பொருந்தாமை பலமான சாட்சி, பொருத்தம் பலவீனமான சாட்சி. இடங்களைக் கூட்டக் கூட்டத்தான் பொருத்தத்துக்குப் பலம் ஏறும்.

இலையிலிருந்து எண் வரை

பழம் வேண்டாம், பூ வேண்டாம். இரண்டு இளந்தளிர் போதும். முற்றிய மாவிலையில் பாலும் துவர்ப்புச் சத்தும் அதிகம். அரைத்தால் கூழ் பழுப்பாகிவிடும், டிஎன்ஏ சுத்தமாக வராது. எனவே செம்பு நிறத்தில் தொங்குகிற தளிரைக் கிள்ளி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட உறையில் வைத்துக் காயவைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அதைப் பொடித்து, சோப்பு போன்ற ஒரு கரைசலில் சூடாக்கி, கசடை நீக்கி, தெளிந்த நீரில் குளிர்ந்த ஆல்கஹாலை மெதுவாக விடுவார்கள். இரண்டும் கலக்கும் இடத்தில் எச்சில் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று சுருண்டு மிதக்கும். கண்ணால் பார்க்கலாம். அதுதான் டிஎன்ஏ.

அந்த நூல்குவியலில் நமக்கு வேண்டியது ஒரு சிறு துண்டு. அதை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் முறைக்கு பிசிஆர் என்று பெயர்; கொரோனா காலத்தில் ஊருக்கே பழக்கமான அதே சொல்தான். நகல்களை ஜெல் போன்ற ஒரு பொருளுக்குள் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் குட்டைத் துண்டு வேகமாக ஓடும், நீளத் துண்டு பின்தங்கும். எவ்வளவு ஓடியது என்று பார்த்து, அதிலிருந்து நீளத்தையும், நீளத்திலிருந்து முத்து எண்ணிக்கையையும் கணக்கிடுகிறார்கள்.

அமெரிக்கா போன ஒரு முல்கோபா

இந்த முறை நிஜமாகவே ஒரு தகப்பனைத் தேடிய கதை மாம்பழத்தில் உண்டு. 1889-ல் இந்தியாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு முல்கோபா என்ற பெயரில் ஒட்டுச்செடிகள் போயின. அங்கே பிழைத்துக் காய்த்த மரத்தின் கொட்டைகளை ஹேடன் என்ற ராணுவ அதிகாரி 1902-ல் நட்டார். அவற்றில் ஒன்று 1910-ல் சிவப்பும் மஞ்சளுமாகக் காய்த்தது. அதுதான் ஹேடன் மாம்பழம். அமெரிக்கச் சந்தையை ஆண்ட டாமி அட்கின்ஸ் இதன் வழிவந்தது. தாய் முல்கோபா என்பது தெரியும். தகப்பனைப் பற்றி ஊகங்கள்தான் இருந்தன.

2000-களின் நடுவில் அமெரிக்க வேளாண் துறையின் மயாமி ஆய்வாளர்கள் மைக்ரோசாட்டிலைட்டுகளை வைத்து ஃப்ளோரிடா ரகங்களின் பரம்பரையைப் பிரித்தார்கள். தகப்பனாகப் பொருந்தி வந்தது டர்பென்டைன் என்ற ரகம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த, நார் மண்டிய, பிசின் வாடை அடிக்கிற மாம்பழம். வேர்ச்செடிக்கு மட்டும் லாயக்கு என்று ஒதுக்கிவைத்த மரம். ஜாடை பார்த்துச் சொல்கிறவர்கள் யாரும் அதன் பக்கம் கை நீட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த முல்கோபா நம் சேலத்து மல்கோவாவேதானா? பெயர் ஒன்றுபோல இருக்கிறது என்பதைத் தாண்டி எதுவும் சொல்லக்கூடாது. இரண்டின் தளிரையும் எடுத்து இருபது இடங்களில் கொலுசு எண்ணிப் பார்த்தால் விடை வந்துவிடும். பெயரை நம்பிப் பெருமைப்படுவதைவிட அது எளிது.

மலைமேல் இன்னொரு குடும்பச் சிக்கல்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியையும் பேரி, ஆப்பிள் போன்ற பழமரங்களையும் கொண்டுவந்த சேர்வராயன் மலை இது. காபித் தோட்டங்களுக்குள் சில்வர் ஓக், மிளகு, பலா, இடையிடையே ஆரஞ்சு. மாமரத்தில் நாம் பார்த்தது ஒரே இனத்துக்குள் ரகங்களின் கலப்பு. ஆரஞ்சுக் குடும்பத்தில் இனத்துக்கு இனமே கலந்திருக்கிறது. எனவே கேள்வியும் கொஞ்சம் மாறுகிறது: இந்த மரத்தின் எந்தப் பகுதி எந்த இனத்திலிருந்து வந்தது?

இதற்கு முத்து எண்ணுவது மட்டும் போதாது. முழு டிஎன்ஏ சரத்தையும் படித்து, இனத்துக்கு இனம் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும் லட்சக்கணக்கான இடங்களை ஒப்பிடுகிறார்கள். அவையும் குறிப்பான்கள்தான். 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 60 வகை ஆரஞ்சு, எலுமிச்சைச் சாதிகளை இப்படிப் படித்து, இந்தக் குடும்பம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளைவிடத் தொடங்கியது என்று சொன்னது. நாம் தின்னும் பழங்களில் பெரும்பாலானவற்றின் வேர் மூன்று மூதாதைகளில் இருக்கிறது: கமலா ஆரஞ்சு, பம்பளிமாஸ், தோல் தடித்துச் சாறு குறைந்த நார்த்தை இனமான சிட்ரான்.

கசப்பு ஆரஞ்சு எளிய வழக்கு. அதன் சரத்தில் எங்கே பார்த்தாலும், குரோமோசோம் ஜோடியில் ஒரு பக்கம் கமலா, மறுபக்கம் பம்பளிமாஸ். நேரடிப் பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். சாத்துக்குடியைப் பாருங்கள். அது இனிப்பு ஆரஞ்சு இனத்தின் ஒரு வகை. அதன் சரத்தில் சில பகுதிகளில் ஒரு பக்கம் கமலா, மறுபக்கம் பம்பளிமாஸ். வேறு பல பகுதிகளில் இரண்டு பக்கமும் கமலா. சிறு பகுதிகளில் இரண்டு பக்கமும் பம்பளிமாஸ். நேரடிப் பிள்ளைக்கு இது சாத்தியமே இல்லை. ஆக, சாத்துக்குடியின் தாயும் தந்தையும் ஏற்கெனவே கலப்பாக இருந்திருக்கிறார்கள். “ஆரஞ்சு என்பது கமலாவுக்கும் பம்பளிமாஸுக்கும் பிறந்தது” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் பேரனைப் பிள்ளை என்கிறார்கள்.

தாய் யார், தந்தை யார் என்று பிரிக்க இன்னொரு சாட்சி உண்டு. இலையைப் பச்சையாக்குகிற பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு சிறு டிஎன்ஏ வளையம் இருக்கிறது. ஆரஞ்சுக் குடும்பத்தில் அது தாயிடமிருந்து மட்டுமே இறங்கும். மகரந்தத்துக்கு அதில் பங்கில்லை. இனிப்பு ஆரஞ்சு, கசப்பு ஆரஞ்சு இரண்டிலும் அந்த வளையம் பம்பளிமாஸுடையது. தாய்வழி அது என்பது தீர்ந்தது.

எலுமிச்சைதான் எனக்குப் பிடித்த வழக்கு. மேல்நாட்டு லெமன் பெரியது, மஞ்சள், முனையில் காம்பு போலக் கூராக இருக்கும். அதற்குத் தாய் கசப்பு ஆரஞ்சு, தந்தை சிட்ரான். நம் வீட்டு வாசலில் நசுக்குகிற, உருண்டையான, மெல்லிய தோல் எலுமிச்சைக்கும் தந்தை சிட்ரான்தான். ஆனால் தாய் வேறு: பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சேர்ந்த மைக்ராந்தா என்ற காட்டினம். தகப்பன் இனம் ஒன்று, தாய் இனம் வேறு.

இத்தனை பழைய கலப்புகள் ஒட்டுக் கட்டாமலே எப்படித் தாக்குப்பிடித்தன? ஓர் எலுமிச்சை விதையை ஈரத்துணியில் முளைகட்டிப் பாருங்கள். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தால் உண்டானவை அல்ல. தாயின் திசுவிலிருந்து நேரடியாக வளர்ந்தவை, அதாவது தாயின் நகல்கள். விதை மூலமே மரம் தன்னை ஒட்டுக் கட்டிக்கொள்கிறது என்று சொல்லலாம். இதனால் ஆய்வாளருக்கு ஒரு வேலை கூடுகிறது. மெனக்கெட்டு மகரந்தம் தடவி எடுத்த விதையிலும், எந்தக் கன்று நிஜக் கலப்பு, எது நகல் என்று குறிப்பான் வைத்துப் பிரிக்க வேண்டும். எல்லா இடத்திலும் தாயின் ஜோடியே அப்படியே இருந்தால் அது நகல்.

(ஏற்காட்டு அராபிகா காபியும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியதுதான். அது ரொபஸ்டா இனத்துக்கும் யூஜினியாய்டிஸ் என்ற ஆப்பிரிக்க இனத்துக்கும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிறந்த கலப்பு. நிழலில் நிற்கும் காபிச்செடியும் கலப்பு, பக்கத்து ஆரஞ்சும் கலப்பு.)

சுருக்கமாக: இரண்டு பக்கமும் எந்த இனம் என்று பகுதி பகுதியாகப் பார்த்தால் நேரடிப் பிள்ளையா, பேரனா என்று தெரியும். பசுங்கணிக டிஎன்ஏ தாய்வழியைத் தனியாகச் சொல்லும்.

எங்கே கைவிரிக்கும்

சாத்துக்குடி, தொப்புள் ஆரஞ்சு, ரத்தச் சிவப்புச் சதை கொண்ட ஆரஞ்சு ஆகிய மூன்றையும் மைக்ரோசாட்டிலைட் வைத்துச் சோதித்தால் ஒன்றே என்ற பதில் வரலாம். காரணம், இனிப்பு ஆரஞ்சு எல்லாமே ஒரே மூல மரத்தின் நகல்கள். எப்போதோ ஒரு மொட்டில் நடந்த சிறு மாற்றத்தால் பிரிந்தவை. அந்த மாற்றம் நாம் எண்ணுகிற இருபது இடங்களில் விழுந்திருக்காவிட்டால் குறிப்பானுக்கு அது தெரியாது. ஆகவே “டிஎன்ஏ ஒன்று, எனவே ரகம் ஒன்று” என்ற வாதம் கடைவீதியில் செல்லாது. வாங்குகிறவருக்கு நிறமும் ருசியும் வேறாகத்தானே இருக்கிறது?

பழம் இனிக்குமா, வருடா வருடம் காய்க்குமா என்பதையும் பெற்றோர் சோதனை சொல்லாது. அதற்கு வேறு வகை ஆய்வுகள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை, ஒப்பிட மரம் இல்லாமல் போவது. தகப்பன் மரத்தை வெட்டி விறகாக்கிவிட்டால், அதன் கொலுசுகளில் பாதியைப் பிள்ளையிடம் பார்க்கலாம். ஆனால் யாருடையவை என்று சொல்ல ஆள் கிடையாது. உங்கள் தோப்பில் அப்படி ஒரு பேர் தெரியாத நல்ல மரம் இருந்து, சோதனைக்குக் கொடுக்க நினைத்தால், அதன் தளிரோடு சுற்றியுள்ள பழைய மரங்களின் தளிரையும் தனித்தனி உறையில் பெயர் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். சந்தேகப்படும் மரம் போய்விட்டதா? அதிலிருந்து குச்சி எடுத்து யார் வீட்டிலாவது ஒட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கட்டுக்கு மேலே உள்ள கிளையில் தளிர் கிள்ளினால் போதும், அதே மரம்தான் அது. கட்டுக்குக் கீழே வேரிலிருந்து வெடித்த துளிரைக் கிள்ளிவிடாதீர்கள். அது வேறு வீட்டுப் பிள்ளை.